கரையோர ரயிலில் அப்பாவின் வயலின்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பம்பலப்பிட்டி அச்சகத்தில் அழைப்பிதழ் எடுக்கும் வேலை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. இயர்போனைப் போன கிழமையிலிருந்து தேடுகிறேன், காணவில்லை.

அழைப்பிதழைப் பார்த்து அச்சகத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். மேலே தங்க எழுத்தில் ‘வயலின் வித்துவான் சிவகடாட்சம் அவர்களின் புதல்வி’. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேடினால், என் பெயர், நிரோஜா. பிறகு ‘கரையோர ரயில்: இறுவட்டு வெளியீட்டு விழா’. மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. முதற்பிரதி பெறுபவர் ஒரு நகைக்கடை முதலாளி. நான் வாசிக்கும் கீபோர்ட் என்ற சொல் எங்கேயும் இல்லை. ஃபங்க் என்ற ஆட்ட இசையின் பேரும் இல்லை.

எல்லாம் சித்தப்பாவின் வேலை. அப்பாவின் கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசித்தே தலை நரைத்தவர். போனில் கத்தினேன்.

“அப்பான்ர பேரைப் போட்டாத்தான் பிள்ளை சனம் வரும். உன்னை ஆருக்குத் தெரியும்?”

உண்மைதான். அதுதான் பற்றி எரிகிறது.

நான் கேட்டது கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மண்டபம். கதிரை வேண்டாம், சனம் நின்று ஆட வேண்டும். ஃபங்க் கேட்டும் கதிரையில் இருக்கிறவருக்கு இடுப்பில் ஏதோ கோளாறு. இப்போது வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, கதிரைகளுக்கு வெள்ளைத் துணியும் சொல்லியாகிவிட்டதாம்.

வாங்க: பால்மா, நுளம்புத்திரி, கீபோர்ட் வயர்.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். நுகேகொடை ஸ்டுடியோவில் இறுவட்டுப் பெட்டிகள் வந்திருந்தன. என் முதல் அல்பம். ஒன்றைப் பிரித்து சிடி பிளேயரில் போட்டேன்.

வயலின்.

அப்பாவின் வயலின்! பழைய ஒலிப்பதிவு, ஹம்சத்வனி. அது ஆற அமர முடிந்த பிறகுதான் நான் பதிந்த ரயில் கடவை மணி, அன்ரனின் பேஸ் கிற்றார், நான்.

ஒலிப்பதிவாளர் டில்ஷானுக்கு முகம் வெளுத்துவிட்டது. உங்கள் சித்தப்பாதான் பென்டிரைவோடு வந்தார், உங்களுக்குத் தெரியும் என்றாரே என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை ஏச முடியவில்லை. சித்தப்பாவுக்கு எடுத்தேன்.

“மங்களமா ஒண்டு இல்லாம என்னண்டு துவங்கிறது? கச்சேரி எண்டா முதல்ல பிள்ளையார்.”

“இது கச்சேரி இல்லை சித்தப்பா! அப்பாக்குத் தெரியுமோ?”

“அண்ணை ஒண்டும் சொல்லமாட்டார்.”

அதாவது தெரியும். சந்தோஷம். வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் இரண்டு வருடமாக என்ன செய்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதர், என் அல்பத்தில் முதல் ஆளாக ஏறிக் குந்திவிட்டார்.

ஒக்டோபர் 10, வெள்ளி

கொட்டாஞ்சேனை. அன்ரன் வீட்டு மேல்மாடியில் ஒத்திகை. கோபத்தில் எல்லாப் பாட்டும் வேகம். அன்ரன் பேஸைக் கீழே வைத்துவிட்டான்.

“இவ்வளவு கோவம்னா விழாவ நிப்பாட்டு நிரு.”

எப்படி? அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது. போகும்போது, “அப்பா நல்லா இருக்காரா?” என்றான். நீயுமா என்று கத்திவிட்டு ஓட்டோவில் ஏறினேன். பாவம் அவன். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

விழா முடிந்தது. மறக்க முன் எழுதுகிறேன்.

விளக்கேற்றும்போது ஸ்பீக்கரில் அப்பாவின் வயலின். பொன்னாடையும் அப்பாவுக்கு. வந்தவர்கள் என்னிடம் சொன்னவை:

“அப்பான்ர கை அப்பிடியே வந்திருக்கு.”
“ரத்தத்தில இருக்கிறது எங்க போகும்?”
“எப்ப பிள்ளை வயலினுக்குத் திரும்பி வாறாய்?”

அப்பாவின் கையாம். வீட்டில் அவரின் வயலின் வகுப்பு நேரத்தில் கீபோர்டைத் தொட விடாமல், அன்ரன் வீட்டு மேல்மாடியில் வியர்த்து வியர்த்துப் பழகிய கை இது.

பிறகு ஆசியுரை. அப்பா எழும்பினார். மைக்கை இரண்டு தரம் தட்டினார்.

“எல்லாரும் இது என்ர சங்கீதத்தின்ர தொடர்ச்சி எண்டு சொன்னியள். ஒருத்தரும் கேட்டுப்போட்டுச் சொல்லேல்லை. நான் கேட்டனான், மூண்டு தரம். எனக்குப் பிடிக்கேல்லை.”

மைக்கை இன்னும் கிட்ட இழுத்தார்.

“இதில என்ர எண்டு ஒரு சுரமும் இல்லை. விளக்கேத்தேக்க போட்டது என்ர. அதை ஏன் இதுக்குள்ள போட்டது? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அதைத் தூக்குங்கோ. மிச்சம் முழுக்க அவளின்ர.”

பொன்னாடையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு இருந்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார்.

பிடிக்கேல்லையாம். நகைக்கடை முதலாளிக்கு முன்னால். காது சுட்டது. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு, அதுவும் சத்தம் குறைத்து என்று உத்தரவு. முழுச் சத்தத்தில் வாசித்தேன். சித்தப்பா கையைக் காட்டக் காட்ட இன்னும் கூட்டினேன். ஒருவரும் ஆடவில்லை. பின்வரிசையில் கேட்டரிங் பெண் மட்டும் தட்டத்தோடு தோளை அசைத்தாள்.

ஒக்டோபர் 13, திங்கள்

மழை. காலையில் பாணும் சம்பலும். அப்பாவோடு கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை. அவருக்குத் தெரியாமல்தான் நடந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் நான்கு நாளாக அவரைத் திட்டியிருக்கிறேன். என்றாலும் கோபம் போகவில்லை. பிடிக்காததை எதற்கு மூன்று தரம் கேட்க வேண்டும்?

அன்ரன் மெசேஜ்: “சொரி நிரு. போன மாசம் அப்பா கேட்டாரு, பாட்டெல்லாம் அவர் போனுக்கு அனுப்பினேன். உன்கிட்ட சொல்லாதேன்னாரு.”

மாலை வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தந்தி அறுந்துவிட்டது. “பெட்டியில புதுசு இருக்கு, எடுத்துக்கொண்டு வா” என்றார் அப்பா. வயலின் பெட்டியைத் திறந்தேன். தந்திக்குப் பக்கத்தில், ஒழுங்காகச் சுற்றி, என் இயர்போன்.

கேட்டால் கொடுத்திருப்பேனே. இந்த வீட்டில் ஒருவருக்கும் கேட்டுச் செய்யத் தெரியாது.

தந்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினேன்.

வாங்க: முட்டை, குடை, இயர்போன்.