எல்லாம் ஒரே சத்தம் என்றேன்

இந்தக் கிழமை முழுக்க மழை. துவைத்ததெல்லாம் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது. காலையில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். விறகுப் புகையும் ஈரத்துணியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உன் கறுப்புச் சட்டை. பூஞ்சணம் பிடித்துவிடுமென்று அவ்வப்போது அலசிப் போடுகிறேன். அதன் நெஞ்சில் இருக்கும் மெட்டல் இசைக்குழுவின் பெயர் வேரோடு பிடுங்கிப் போட்ட தேயிலைச் செடி மாதிரிதான் இன்றைக்கும் தெரிகிறது. ஒரு எழுத்தையும் வாசிக்க முடியவில்லை.

தம்பி, உன்னிடம் அப்படி மூன்று சட்டைகள் இருந்தன. "ஒரே சட்டைய மூனு தடவ வாங்கியிருக்கியே மாப்ள" என்று உன் மச்சான் சிரிப்பார். நீ மூன்றையும் கட்டிலில் விரித்துப்போட்டு, "இவங்க வேற, இவங்க வேற மச்சான், நல்லாப் பாருங்க" என்பாய். அவர் குனிந்து பார்த்து, "ஆமா, இதுல ஒரு பொத்தல் இருக்கு" என்பார்.

எனக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் டயர் கடைக்குப் பின்னால் உங்கள் குழுவோடு வாசித்துப் பழகிவிட்டு, கொட்டகலைக்கு நம் வீட்டுக்கு வந்து ஹெட்போனை என் காதில் மாட்டி அந்தப் பாட்டுகளைப் போடுவாய். இடி மாதிரி கிட்டார், நடுவில் ஒருவன் தொண்டையில் கல் அரைக்கிறான். "எல்லாம் ஒரே சத்தந்தானேடா" என்றேன் ஒருநாள்.

"நீங்க மட்டும் என்னவாம்? தெனமும் அதே பாட்டு, அதே மணி. சாமிக்கு அலுக்காதா?"

"சாமிக்கு ஒன்னும் அலுக்கல. ஒனக்குத்தான் அலுக்குது."

சிரித்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "ஒரே பாட்டுதான் அக்கா. ஆனா நேத்து வேற மாதிரி பாடுனீங்க. அம்மா நெனப்பு வந்துச்சா?"

முந்தின நாள் அம்மாவின் திதி. நான் எப்போதும்போலத்தான் பாடினேன் என்று நினைத்திருந்தேன்.

நீயாக ஒரு பாட்டுச் செய்துகொண்டு வந்தது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு இசை ஞானம் ஏது? ஆனால் வீட்டுக் கணக்கு எழுதி எழுதி எதையும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டேன். தாளம் ஏழு ஏழாகப் போய், திடீரென்று ஐந்தில் நின்றது. "இந்த எடத்துல கணக்கு இடிக்குதேடா" என்றதும் துள்ளிக் குதித்தாய். "இடிக்கணும் அக்கா! அதுக்குத்தான் ஒரு மாசமா மண்டைய ஒடச்சேன்!"

அந்தப் பாட்டுக்கு நீ முதலில் வைத்திருந்த முடிவு தப்பு மேளம். நம் தோட்டத்து லயக் குடியிருப்பில் அடிக்கிற அதே அடி. இணையத்தில் நீ போட்டதைக் கேட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதுவரை கேட்டிராத புதுமை என்று எழுதியிருந்தார். சந்தோஷப்படுவாய் என்று பார்த்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"தப்பு நமக்குப் பொறந்ததுலேர்ந்து கேட்டது. அத அவன் புதுசுங்கிறான். ராத்திரி பகலா யோசிச்சு கிட்டார்ல ஒன்னு வாசிச்சா, அது வேற யாரோ வாசிச்ச மாதிரி இருக்காம். அப்ப என்னோடது எது அக்கா?"

தேங்காய்ச் சில்லு ஒன்றை எடுத்துத் தந்தேன். மறுநாளே தப்பை எடுத்துவிட்டாய். அதன் இடத்தில் பாட்டுக்கு வேறு முடிவு வைக்கிறேன் என்றாய். அதற்குள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்து போன நீ பெட்டியில் திரும்பினாய்.

போன மாதம் ருவன் வந்தான், உன் குழுவில் டிரம்ஸ் அடிக்கிற கண்டிச் சிங்களப் பையன். உன்னிடம் படித்த தமிழ் என்பதால் அவன் "அக்கா" என்று இழுப்பதும் உன்னை மாதிரியேதான். உன் பாட்டை முடித்துவிட்டார்களாம். உன் பெயரில் வெளியிட வேண்டும், நான் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே சத்தம் என்றவளிடம் வந்து, இது அவன் பாட்டுத்தானா என்று கேட்டால் என்ன சொல்வது?

கேட்டேன். ஏழு, ஏழு, ஐந்து, எல்லாம் இருந்தது. கடைசியில் கிட்டார் அடங்கி, தப்பு எழுந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

"இந்தத் தப்பு எங்க பதிவு பண்ணதுப்பா?"

"கோயில் திருவிழாவுல, அக்கா. அம்மன் தேர் வந்தப்போ."

"இல்லப்பா. இது அவனத் தூக்கிட்டுப் போனப்ப அடிச்சது."

போனில் தேடிப் பார்த்தான். இரண்டையும் அவன்தான் பதிவு செய்திருந்தான், மாறிப்போயிருந்தது. "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு அக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியுமா? உன் மூன்று சட்டைகள்தான் கண்முன் வந்தன.

"திருவிழா அடிய போட்டுறவா?"

"வேணாம். தப்பே வேணாம்னுதான் அவன் அத எடுத்துட்டான். அவன் விட்ட எடத்துலயே நிறுத்திடுப்பா."

"பாதியில நிக்குதே. கேக்கிறவங்க பிழைன்னு நெனப்பாங்க."

"நெனைக்கட்டும்."

அவனை பஸ் ஏற்றிவிட்டு வரும்போதே மனம் குழம்பிவிட்டது. அந்தச் சாவு அடிதான் சரியான முடிவோ? நீ இருந்திருந்தால், "போடுங்க அக்கா, செமையா இருக்கு" என்றிருப்பாயோ? இன்றுவரை தெரியவில்லை. பாட்டு வெளியாகிவிட்டது. கேட்டவர்கள் எழுதியதை ருவன் வாசித்துக் காட்டினான்: இப்படி அந்தரத்தில் நிறுத்துவது இதுவரை யாரும் செய்யாதது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே இன்னொருவர், இது பலரும் செய்து புளித்துப்போனது என்கிறார். யாரைக் கேட்பது? சாமியிடமும் கேட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. காலையில் விளக்கேற்றி மணி அடிக்கும்போது, கை தானாக ஏழு அடித்து, மறுபடி ஏழு அடித்து, ஐந்தில் நின்றுவிடுகிறது. "ஏன் மணி நொண்டுது?" என்று உன் மச்சான் அடுத்த அறையிலிருந்து கேட்கிறார். பழையபடி அடிக்கப் பார்க்கிறேன், வருவதில்லை. அந்த ஐந்துக்குப் பிறகு கை மணியோடு அப்படியே நிற்கிறது, அடுத்த அடி எங்கே என்று நீ சொல்லட்டும் என்பதுபோல.