குறைத்துச் சொன்ன ஐந்து வயது

மார்ச் 12, செவ்வாய். லிங்கநகர்

பிள்ளை வயிற்றிலேயே இறந்ததற்கான காரணத்தைச் சொல்ல டொக்டர் இன்று கூப்பிட்டிருந்தார். என் கணவரோடு மாமியும் வந்தார்.

"உங்களுக்கு நாற்பத்தொண்டு என்ன?" என்று டொக்டர் கேட்டதும் மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணம் பேசும்போது அண்ணா என் வயதில் ஐந்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார்.

"வயசு கூடினா பிரஷர், சீனி வரலாம், நச்சுக்கொடியும் பழுதாகலாம். இவவுக்கு அதொண்டும் இல்லை. தொப்புள்கொடியில முடிச்சு விழுந்து இறுகியிருக்கு. இருபது வயசிலயும் இது நடக்கும்" என்றார் டொக்டர். இரண்டு தரம் சொன்னார். மாமியின் காதில் நாற்பத்தொன்று மட்டும்தான் விழுந்தது.

வெளியே வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார். "வயசை மறைச்சுக் கட்டி என்ர பேத்தியைப் பறிகுடுத்திட்டாளே! உனக்கு இது தெரியுமோ?"

கலியாண எழுத்துக்கு முன்பே இவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். "நான் உம்மட வயசையோ கேட்டனான்?" என்று அன்றைக்குச் சிரித்தவர்.

இன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியாதம்மா" என்றார்.

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். எனக்குப் பால் கட்டி இன்னும் நோகிறது.

பிள்ளையை எனக்குக் காட்டவில்லை. பார்த்தது இவர் மட்டும்தான். ஒரு நோவும் இல்லாமல் நித்திரை கொள்கிற மாதிரிக் கிடந்தாள் என்று வந்து சொன்னார். நேற்றுவரை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கண்ணை மூடினேன்.