அடுக்களையில் ஒட்டிய தாள்

கொச்சி, திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

காலையில் போனில் கத்தியதற்கு மன்னியுங்கள். வீடியோவில் பாட்டிலைப் பார்த்தேன். பால் அவ்வளவு தண்ணியாக இருந்தது.

தப்பு என்னுடையது. தம்பி சானு துபாயிலிருந்து கொண்டுவந்த பால்பவுடர் டின்னில் பெரிய கரண்டி. அறுபது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று தாளில் எழுதி ஒட்டியது நான். பாறசாலையில் வாங்கிய புது டின்னில் சின்னக் கரண்டி, முப்பது மில்லிக்கே ஒன்று. நீங்கள் என் தாளை நம்பிக் கலக்கினீர்கள். எட்டு மாதப் பிள்ளை பத்து நாளாகப் பாதிப் பால் குடித்திருக்கிறான். எல்லா டின்னிலும் ஒரே கரண்டி வைத்தால் கம்பெனிக்காரனுக்கு என்ன குறைந்துபோகும்? நானோ ஊரார் பிள்ளைகளுக்குப் பால் அளந்து ஊட்டுகிற நர்ஸ்!

தாளைக் கிழித்துவிட்டீர்கள், நல்லது. எடை பார்த்ததும் சொல்லுங்கள். ஞாயிறு லீவுக்கு வந்து நானே பால் கொடுக்கிறேன். அவன் போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள். அவன் மணம் மடியில் இருந்தால் இங்கே எனக்குப் பால் சுரக்கும், பிழிந்தெடுக்கலாம்.

“ஒன்னத் தேடியாக்கும் அழுவுதான், மக்கா” என்று தினமும் சொன்னீர்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அம்மா. அவன் பசியில் அழுதிருக்கிறான்.

டூட்டிக்கு நேரமாகிறது.

ரெஜிலா