கைக்கு எட்டாத முதுகு

9.1.1973
காலையில் தம்பி பொன்னம்பலம் கிணற்றடியில் குளித்தான். வேலிக்கு மேலால் அவன் முதுகு தெரிந்தது. அறுபது வயதில் ஒரு புள்ளி இல்லை. பெண்சாதி நாகேஸ்வரி தேய்த்துவிட, ராசா மாதிரி நின்றான். ஒரே வயிற்றில்தானே பிறந்தோம்? தோலில் இந்தச் செதிள் ஏன் எனக்கு மட்டும்? பார்க்காமல் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

16.1
பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் டாக்டரைக் கண்டேன். "சோரியாசிஸ் ஐயா. ஒருத்தருக்கும் தொத்தாது. அடியோடை மாறவும் மாறாது. விடாமல் பூசினால் அடங்கியிருக்கும். வயசுபோன தோல், காயவிடாதேங்கோ, சொறியாதேங்கோ." தார் கலந்த களிம்பு தந்தார். வள்ளத்தின் அடியில் பூசும் தாரின் மணமேதான்.

"முதுகுக்கு ஆர் பூசிவிடுறது?" என்றும் கேட்டார்.

என் பெண்சாதி மகாதேவி கண்ணை மூடி மூன்று வருடம். "வீட்டிலை ஆக்கள் இருக்கினம்" என்றேன். ஏன் அந்தப் பொய்?

12.2
முழங்கையும் முழங்காலும் அடங்கிவிட்டன. முதுகு அப்படியே. பாய்மரம் ஏறிய கை, சொந்த முதுகுக்கு எட்டவில்லை.

பங்குனியில் அம்மன் கோயிலில் எங்கள் குடும்பத்துத் திருவிழா. மூத்தவன் நான். ஐயர் தட்டில் வைத்துத் தரும் காளாஞ்சி மரியாதை எனக்குரியது. ஆனால் ஆண்பிள்ளை சட்டையோடு உள்ளே போக முடியாது. போன இரண்டு வருடமும் நான் வெளிவீதியில் நின்றேன். தம்பி அந்த முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நின்று வாங்கினான். வயிறு பற்றி எரிந்தது. இந்த முறையும் அவன்தானா?

25.2
களிம்பில் இருப்பதும் தார்தானே! வள்ளத் தாரை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, தார் பூசும் நீளப்பிடி பிறஷால் முதுகில் இழுத்தேன். எட்டியது.

26.2
ஐயோ, எரியுது. படுக்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது.

27.2
என் அடுப்பில் புகை இல்லையென்று நாகேஸ்வரி சொல்லித் தம்பி வந்தான். முதுகைப் பார்த்தான்.

"என்ன அண்ணை உது? வள்ளமெண்டு நினைச்சியளோ?"

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் தோய்த்துத் தாரை மெல்ல மெல்ல எடுத்தான்.

"வேலிக்கு அங்காலைதானே இருக்கிறன். ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"உன்னட்டையோ? காளாஞ்சி வாங்கிற பெரிய மனிசனட்டையோ?" வாயை விட்டுவிட்டேன்.

அவன் கை நின்றது. "நீங்கள் என்னோடை கோவத்திலைதான் கோயிலுக்குள்ளை வாறேல்லை எண்டெல்லோ நினைச்சன்" என்றான்.

19.3
டாக்டர் நன்றாக ஏசினார். புண் ஆறியபின் பழையபடி களிம்பு. தினமும் தம்பிதான் பூசுகிறான். அவன் கையில் தார் மணம் ஏறிவிட்டது. நாகேஸ்வரி முகம் சுளிக்கிறாளாம். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றடியில் அவனைக் கண்டால் இன்னும் எரிச்சல்தான்.

9.4
திருவிழா. முதுகில் செதிள் குறைந்தாலும் சிவந்த திட்டுகள் போகவில்லை. வெளிவீதியிலேயே நின்றேன். தம்பி வந்தான்.

"சட்டையைக் கழட்டுங்கோ அண்ணை."

"சனம் பாக்குமடா."

"பாக்கட்டும்."

கழற்றினேன். உள்ளே போனதும் பக்கத்து வீட்டு ஏரம்பு விலகி நின்றான். என்னைச் சுற்றி இடம் வெறுமையாகிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அப்போது தம்பி எனக்குப் பின்னால் வந்து, உள்ளங்கையை விரித்து, எல்லோரும் பார்க்க அந்தத் திட்டுகளின் மேலேயே வைத்தான். பூசை முடியும்வரை எடுக்கவில்லை.

காளாஞ்சியை நான்தான் வாங்கினேன். கண் கலங்கிவிட்டது. ஆனாலும், தீர்த்தம் வாங்க அவன் குனிந்தபோது அந்த முதுகைப் பார்த்தேன். பொறாமை போய்விட்டதென்று எழுத ஆசை. போகவில்லை.

10.4
விடிந்ததும் சட்டை போடாமல், களிம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்து வாங்கில் பலகையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகுதான் அவன் வந்தான். "எவ்வளவு நேரமடா உன்னைப் பாத்துக்கொண்டிருக்கிறது?" என்று ஏசினேன்.