நான் சேர்த்துக் கட்டச் சொன்ன கேபிள்கள்

அன்புள்ள ஜாபர்,

இந்தச் சொல்லைப் போட்டு உங்களுக்கு நான் ஒருநாளும் எழுதியதில்லை. பதினொரு வருடமாக என் மேசையிலிருந்து உங்களுக்கு வந்த தாளெல்லாம் 'திரு. ஜாபர்' என்றுதான் தொடங்கும். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆன பிறகு அதை மாற்றுகிறேன். இவ்வளவு தாமதமா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கேட்காமல் இருப்பதுதானே உங்கள் வழக்கம்.

இதை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்றே பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணவர் இறந்த பிறகு, மேற்குத் தாம்பரத்தில் மாடி அறையில் இருந்த அவருடைய சின்ன நிறுவனத்தை நான் நடத்தினேன். தொழிற்சாலைகளுக்குள் நெட்வொர்க் கேபிள் இழுப்பதும், வயர்லெஸ் பெட்டிகள் மாட்டுவதும் எங்கள் வேலை. அந்த வேலை தெரிந்தவர் நீங்கள். எனக்குத் தெரிந்தது கடிதம் எழுதுவதும் குறை கண்டுபிடிப்பதும்.

முதல் வாரம் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டீர்கள். "ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடுங்க" என்றேன். "சரிங்க மேடம்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட உங்கள் நாக்கு தவறவில்லை. கொஞ்சம் தவறியிருக்கலாம், ஜாபர்.

கேபிளின் இரண்டு முனையிலும் சீட்டு கட்டுவீர்கள். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எதை மாற்ற வேண்டியிருக்கிறது என்று உங்கள் கையெழுத்தில் இருக்கும். இவ்வளவு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நமக்கப்புறம் ஏணி ஏறுறவனுக்கு நாம பதில் சொல்லணும்ல மேடம்" என்றீர்கள். இப்போது அந்தப் பதில் எனக்கு வந்திருக்கிறது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருந்த அந்தக் கார் பாகத் தொழிற்சாலை நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டீர்கள். வேலையை ஒப்படைக்கும் வாரத்தில் நீங்கள் பக்ரீத்துக்கு லீவில் போயிருந்தீர்கள். நான் பார்வையிடப் போனேன். இரண்டாவது ஷெட்டில் மெஷின்களுக்குப் போகும் தடித்த கரண்ட் கேபிள்கள் மேலே இரும்புத் தட்டில் ஒழுங்காகக் கிடந்தன. நம் கேபிள்கள் மட்டும் ஓர் அடி தள்ளி, சுவரோரமாக, அங்கங்கே தொய்ந்து போயின. எனக்குப் பொறுக்கவில்லை. பாவாடை விளிம்பை அளவுகோல் வைத்துப் பார்த்த கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான்.

"இது என்ன கோலம்? எல்லாத்தையும் மேல அந்தத் தட்டுலயே போட்டு, நேரா இறுக்கிக் கட்டுங்க" என்றேன்.

ஏணியில் நின்றிருந்த உங்கள் உதவியாள் செல்வம் தயங்கினார். "மேடம், பாய் இத தனியா வுடணும்னு சொல்லிக்கீறாரு."

"பாய் இருந்தா பாய்கிட்டயே சொல்லியிருப்பேன். கட்டுங்க."

கட்டினார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான் போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

கரண்ட் கேபிளோடு ஒட்டிக்கிடந்தால் தகவல் போகும் மெல்லிய கேபிள் குழம்பிவிடும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததில் வெட்கமில்லை. தெரிந்தவர் சொல்லி வைத்ததைக் கேட்காமல் போனேனே, அதைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் புகார் வந்தது. பெரிய மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் பேக்கிங் பகுதியில் ஸ்கேனர்கள் நின்றுவிடுகின்றன, வயர்லெஸ் சரியில்லை என்றார் மேனேஜர். நான் உங்களைக் கேட்கவில்லை. அன்று மதியமே நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் டெக்னீஷியன் வயர்லெஸ் பெட்டிகளைத் தவறான இடங்களில் மாட்டிவிட்டார், அவரை இந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்று. அதில் ஒரு கமாகூடப் பிசகவில்லை. செய்தி மட்டும்தான் பொய்.

மறுநாள் நீங்கள் ஆபீஸுக்கு வந்தபோது கை முழுக்க ஷெட்டின் தூசி. மேலே ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தீர்கள் என்று இப்போது புரிகிறது.

"மேடம், பொட்டிங்க சரியாத்தான் இருக்கு. வயர்லெஸ் பொட்டிக்கும் வயர்தான சோறு போடுது. ஒரு தடவ என்கூட வந்து மேல பாருங்க."

"எழுபது வயசுல என்னை ஏணி ஏறச் சொல்றீங்களா? செஞ்சது தப்புன்னு ஒத்துக்கங்க, போதும்."

செல்வம் அங்கேதான் நின்றிருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. நீங்கள் அவரை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு, "சரிங்க மேடம்" என்று சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினீர்கள். ஏன் ஜாபர்? 'நீங்கதான் மேடம் கட்டச் சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

என் கடிதம் அந்தத் தொழிற்சாலையோடு நிற்கவில்லை. மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். படப்பையிலும் ஒரகடத்திலும் உங்களை யாரும் உள்ளே விடவில்லை. பெருங்களத்தூர் அபார்ட்மெண்டுகளில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நல்ல வேலைக்காரர், இப்படிப் பிசகிவிட்டாரே என்று உங்களுக்காக வருத்தப்பட்டேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்.

நீங்கள் இறந்த செய்தி வந்தபோது உங்கள் மனைவி மும்தாஜுக்கு ஆங்கிலத்தில் ஓர் இரங்கல் கடிதம் அனுப்பினேன். வீட்டுக்குப் போகவில்லை. வீடு தெரியும்.

போன மாதம் செல்வம் போன் செய்தார். இப்போது அவரிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அதே தொழிற்சாலையில் ஷெட்டை விரிவாக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. "மேடம், ஒரு போட்டோ அனுப்பிக்கீறேன், பாருங்க" என்றார். நான் கட்டச் சொன்ன கட்டு அப்படியே இருந்தது. நடுவில் உங்கள் சீட்டு. தூசியைத் துடைத்துவிட்டு எடுத்திருந்தார்.

'இங்கே கரண்ட் கேபிளோடு சேர்ந்திருக்கிறது. பிரிக்கணும். மேடத்திடம் கேட்டுவிட்டு.'

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாளே கார் வைத்துக்கொண்டு போனேன். நமக்குப் பிறகு வந்த நிறுவனம் பெட்டிகளை மூன்று முறை இடம் மாற்றியதாம். கோளாறு போகவில்லை. கடைசியில் மோட்டார் ஓடும் நேரத்தில் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு நோட்டில் எழுதப் பழகிக்கொண்டார்கள். மெஷின்களை அரை நாள் நிறுத்த வேண்டும் என்பதால் மேலே யாரையும் கை வைக்க விடவில்லை.

"அன்னிக்கே சொல்லிருக்கணும் மேடம்" என்றார் செல்வம். "பாய்தான் வாணாம்னாரு. அவங்களே வந்து பாத்து தெரிஞ்சிக்கட்டும், நம்ம வாயால சொல்ல வாணாம்னாரு. நானும் பயந்துகினு சும்மா இருந்துட்டேன்."

"பயமுறுத்தினது யாரு?" என்றேன். அவர் ஏணியை எடுத்து நிமிர்த்தப் போய்விட்டார். மரியாதை தெரிந்தவர், உங்களிடம் வேலை பார்த்தவர் அல்லவா.

நான் ஏணியில் ஏறினேன். இரண்டு படிதான். அதற்கு மேல் முட்டி விடவில்லை. அங்கிருந்து தட்டின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. விரிவாக்க வேலைக்காக அன்று மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். செல்வம் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, நம் கேபிள்களைப் பழையபடி சுவரோரமாகத் தொய்வாக விட்டார். மோட்டார்களைப் போட்டார்கள். பேக்கிங் பகுதியில் ஸ்கேனர்கள் நிற்காமல் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. அங்கிருந்த ஒரு பெண் நோட்டை மூடி வைத்துவிட்டு, "அட, வேலை செய்யுது" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியவர் நானல்ல.

நம் நிறுவனத்தின் பழைய லெட்டர்ஹெட்டில் மேனேஜருக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தவறு திரு. ஜாபருடையது அல்ல, நான் செய்தது, என் முந்தைய கடிதம் உண்மையல்ல என்று. அவர் சிரித்தார்.

"பழைய விஷயம் மேடம். இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"அந்தப் பழைய கடிதம் உங்க ஃபைல்ல இருக்கா?"

"இருக்கும்."

"அப்போ இதை அதுக்கு மேல வைங்க. நான் பாக்கறேன்."

வைக்கும்வரை நின்றேன். என் கண்டிப்பு உங்களுக்குப் பயன்பட்ட ஒரே நாள் அதுதான்.

ஆனால் மும்தாஜ் அந்த ஃபைலைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் வேலையில் தவறு செய்ததால்தான் வெளியே அனுப்பப்பட்டீர்கள் என்றே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாராம். அவரிடம்கூட நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தபின் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் சீட்டையும் மேனேஜருக்குக் கொடுத்த கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு போகிறேன். மும்தாஜுக்கு என் வாயால், தமிழில் சொல்வேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் அடுத்த வெள்ளியும் போவேன், அதற்கடுத்த வெள்ளியும். நான் யார் என்று உள்ளிருந்து கேட்டால் மேடம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் அக்கா,
ஸ்டெல்லா