அறுவை அறையிலிருந்து சர்வர் அறைக்கு

அனுப்புநர்:
கணினிப் பிரிவுத் தொழில்நுட்பரின் மனைவி,
பணியாளர் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: ஸ்கேன் படங்களைப் பகிரும் சர்வீஸ் காலைதோறும் இயங்காதது – சரிசெய்ய அனுமதி மறுத்தது – அதனால் என் கணவரின் அறுவை சிகிச்சை நின்றுபோனது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம் சொல்லும் மனநிலையில் நான் இல்லை, முறைக்காகச் சொல்கிறேன். ஸ்கேன் படங்கள் இருக்கும் சர்வர் தினமும் அதிகாலையில் அணைந்து மீண்டும் இயங்குகிறது. நெட்வொர்க் இணைப்பு வருவதற்குள், படங்களை டாக்டர் அறைகளுக்குப் பகிரும் 'சர்வீஸ்' என்ற மென்பொருள் முந்திக்கொண்டு கிளம்பி, தொடர்பு கிடைக்காமல் நின்றுவிடுகிறது. தெருக்கதவு திறக்குமுன் கடை விரித்து, ஆளே வரவில்லையென்று கட்டிக்கொண்டு போவதைப் போல. பிறகு எந்த டாக்டர் அறையிலும் படம் திறக்காது. என் கணவர் போய்க் கையால் இயக்க வேண்டும். கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது தங்கள் உத்தரவு.

2. நெட்வொர்க் வந்த பிறகே சர்வீஸ் கிளம்பும்படி மாற்றினால் போதும் என்று அவர் பலமுறை எழுதிக் கேட்டார். "ஓடுற மெஷின்ல எதுக்குக் கை வைக்கிறீங்க?" என்று நிர்வாக அலுவலர் திருப்பி அனுப்பினார். ஓடவில்லை என்றுதானே ஐயா கேட்டது?

3. சென்ற செவ்வாயன்று அவருக்கே சிறுநீரகக் கல் அறுவை. வெறும் வயிறு, முதுகில் நாடா கட்டும் பச்சை அங்கி, கையில் ஊசி. கல் எங்கே இருக்கிறதென்று பார்க்க டாக்டர் படத்தைத் திறந்தார். திறக்கவில்லை. வார்டு எழுத்தர் ஓடிவந்து, "சார், அஞ்சே நிமிஷம், நீங்களே வந்து போட்டுட்டுப் படுத்துக்குங்க" என்றார். இவரும் எழுந்துவிட்டார். சக்கர நாற்காலியை நான்தான் தள்ளினேன். சர்வர் அறைக் குளிரில் பல் கிடுகிடுக்க, வலியில் குனிந்தபடி அவர் தட்டச்சு செய்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4. திரும்பி வந்தபோது அறுவை அறையை ஓர் அவசர நோயாளிக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நோயாளிமேல் எனக்குக் கோபமில்லை. என் கணவரின் படம் எல்லா அறையிலும் பளிச்சென்று தெரிந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியில் சுருண்டு கிடக்கிறார், காலையானால் சர்வருக்குப் போகிறார். திட்டினால், "படம் இல்லாம அங்க எத்தனை பேர் காத்திருப்பாங்க" என்கிறார். நல்ல மனிதர் என்றால் தலையில் மிளகாய் அரைக்கலாமா?

5. வரும் திங்கட்கிழமை அவர் மீண்டும் சேர்க்கப்படுமுன், அந்த மாற்றத்தைச் செய்ய எழுத்துமூலம் அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருடைய படத்தை சிடியில் பதிந்து வாங்கி என் கைப்பையில் வைத்துவிட்டேன். அவருடைய அறுவைக்கு இனித் தங்கள் சர்வர் தேவையில்லை. ஆனால் மயக்க மருந்தில் கிடப்பவரிடம் யாரும் கடவுச்சொல் கேட்க முடியாது. மறுநாள் காலையும் அவரால் எழுந்து வந்து சர்வீஸை இயக்க முடியாது; அன்று அறுவைக்காக வெறும் வயிற்றோடு படுத்திருப்பவர் வேறொருத்தியின் கணவர். படம் எங்கே என்று அவள் கேட்டால், தாங்களே நேரில் வந்து பதில் சொல்லுங்கள், ஐயா.

இடம்: வெளிநோயாளிகள் பிரிவு வராந்தா
நாள்: வெள்ளிக்கிழமை

பொறுமை தீர்ந்த நிலையில்,
(கையொப்பம்)