போனை நீ முதல்ல வை

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். குளிர் வந்தால் உனக்குக் காது அடைத்துக்கொள்ளுமே, இந்தத் தடவை எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, மீட்டிங்கில் இருக்கிறேன்மா என்று ஒரு வரி வருகிறது, நான் பதிலுக்கு ஒரு வரி போட, நீ ஒரு கைகூப்புகிற பொம்மையைப் போட, அதோடு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது. நீ ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் எடுத்த எடுப்பிலேயே அங்கே போய் நின்றால் நீ மடித்து மேசைக்குள் வைத்துவிடுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா, அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

நம் மூக்குக்கண்ணாடிக் கடை நடக்கிறது. அப்பா கண் பார்த்த இடத்தில் இப்போது படித்த பெண் ஒருத்தி உட்கார்ந்து பார்க்கிறாள், கெட்டிக்காரி, ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. பேச்சுக்குத்தான் உன் தம்பி இருக்கிறானே. பிரேம்களைத் துடைத்து நிறம் பார்த்து அடுக்குவது அவன் வேலை, அதில் நான் ஒன்றைத் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை என்று வைத்துக்கொள். போன வாரம் நம் பழைய வாடிக்கையாளர், அந்த வக்கீல், சட்டை நுனியால் கண்ணாடியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். இவன் குனிந்த தலை நிமிராமல், அச்சு அசல் அப்பா குரலில், "தேய்க்காதீங்க சார், அது பாத்திரம் இல்ல" என்றான். வக்கீல் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, அப்பா எப்போதும் நிற்கிற மூலையைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நானும் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தேன். இங்கே இப்போது எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே கேட்டதைத் திருப்பிச் சொல்கிறவன்தான் அவன். அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளில் நீ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாய். அப்போதெல்லாம் ரேடியோ விளம்பரம் சொல்வான், எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி நம் மானத்தை வாங்குவான். அப்பா போன பிறகு மற்ற குரலெல்லாம் நின்றுவிட்டது, அவர் குரல் ஒன்றுதான். காலையில் குளியலறையிலிருந்து அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் வரும், நான் இதோ வந்துட்டேன் என்று டீயை ஆற்றிக்கொண்டு போய் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பேன், நின்ற பிறகுதான் ஞாபகம் வரும். அந்த டீயை நானே குடித்துவிடுவேன். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் கூடத்திலிருந்து, "கதவைச் சாத்தினியா?" என்று கேட்கும். சாத்தியிருப்பேன். சாத்தின கதவுக்கு உள்ளே யாரோ கூட இருப்பது போல இருக்கும். உன் அத்தை ஒருநாள் வந்தாள், காலைக்கூட உள்ளே வைக்கவில்லை, "வாடி வாயாடி, வழி தெரிஞ்சுதா?" என்றான். அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். போட்ட செருப்போடு அப்படியே திரும்பி ஓடிப்போய்விட்டாள். அண்ணன் இன்னும் அந்த வீட்டை விட்டுப் போகல, பையன் மேலதான் இருக்காரு என்று சொந்தக்காரர்கள் காதிலெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடி, நாற்காலி, மாட்டியிருந்த சட்டை எல்லாவற்றையும் பார்க்கிறதால்தான் இவனுக்குக் குரல் வருகிறது என்று மாடி அறையில் போட்டுப் பூட்டினேன். அன்றையிலிருந்து குரல் இரண்டு மடங்காயிற்று. மருந்து கொடுத்து அந்தப் பேச்சை நிறுத்த முடியாதாம்மா என்று நீ ஒரு வரி எழுதிக் கேட்டாயே, அது அந்தச் சமயத்தில்தான்.

பிறகு அந்த ஒரு வாக்கியம் வந்தது. கடையில் அப்பா கடைசியாகச் சொன்னது உனக்குத் தெரியும், "கொஞ்சம் உட்காரணும் போல இருக்கு" என்றார், ஸ்டூலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பக்கத்தில் உன் தம்பிதான் இருந்தான். அதை அவன் சொல்ல ஆரம்பித்தான். சாப்பிடும்போது சொல்வான், கடையில் சொல்வான், படுக்கையில் புரண்டு சொல்வான். ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஓடிப்போய் என்ன செய்வேன், அவன் வாயைப் பொத்துவேன். சொல்லாதே ராசா, அதை மட்டும் சொல்லாதே என்று கெஞ்சுவேன். அவன் என் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் அதையே சொல்வான்.

கண் பார்க்கும் பெண்தான், வாயே திறக்காதவள், ஒருநாள் திறந்தாள். அவள் வீட்டுப் பக்கத்தில் ஆட்டிசம் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு வகுப்பு நடக்கிறது, போய்ப் பாருங்கம்மா என்றாள். பிள்ளைக்கு வகுப்பு இல்லையா, எனக்கா, இந்த வயதில் நான் என்ன படிப்பது என்று முறைத்தேன். ஆனாலும் போனேன். ஒரு நடனப் பள்ளிக்கூடத்தின் மாடி, மூன்று பக்கமும் ஆள் உயரக் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் என் மூஞ்சியே எனக்கு, எனக்குப் பின்னால் வேறு யாராவது தெரிகிறார்களா என்றுகூட ஒரு தரம் பார்த்தேன், அவ்வளவு தூரத்துக்கு வந்திருந்தேன். சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர், அவருடைய மகளும் திருப்பிச் சொல்கிறவள், அவள் பக்கத்தில் யாராவது நெருங்கினால் "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று கத்துகிறாளாம். எல்லோரும் சிரித்தோம், டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கிறீங்க, கூட்டம் நெருக்குதுன்னு அவ சரியாத்தானே சொல்றா, அவ கேட்டதிலேயே அதுக்குப் பொருத்தமான வாக்கியம் அதுதான் என்றாள். இந்தப் பிள்ளைகளில் சிலர் ஒரு பேச்சை முழுசாக எடுத்து வைத்துக்கொள்வார்களாம், சொல் சொல்லாகப் பிரிக்க வராதாம், கேட்ட நேரத்தில் என்ன நடந்ததோ அதையும் சேர்த்து வைத்திருப்பார்களாம், பிறகு தனக்கு அது மாதிரி இருக்கும்போது எடுத்துச் சொல்வார்களாம்.

எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனசில் இறங்கவில்லை. அப்புறம் டீச்சர் ஒரு பயிற்சி வைத்தாள். வகுப்பு முடிகிற வரைக்கும் யாரும் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசக் கூடாது, வேறு யாராவது சொல்லிக் கேட்டதை வைத்தே தண்ணீர் கேட்க வேண்டும், மின்விசிறி போடச் சொல்ல வேண்டும், முடிந்தால் சண்டையும் போடலாம். பஸ் டிரைவர் போய் ஜன்னலைத் தட்டி "ரைட், போலாம்" என்றார், வீட்டுக்குப் போக வேண்டுமாம். நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். எனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து விண் விண் என்று தெறிக்கிறது, ஒரு நாற்காலி வேண்டும், அதற்கு யாருடைய வாக்கியம் இருக்கிறது என்னிடம்? தேடினேன். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா, "கொஞ்சம் உட்காரணும் போல இருக்கு." சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். டீச்சர் என்ன ஏது என்று எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதைச் சொல்லும்போது அவன் கை எங்கம்மா இருக்கு என்றாள். எனக்குத் தெரியவில்லை. நான் குரலைத்தான் கேட்டேன், பிள்ளையை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கை தாடையில் இருந்தது. மறுநாள் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன், கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் சொத்தை, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. இவ்வளவு நாள் எப்படிங்க பொறுத்துக்கிட்டான், ஒண்ணுமே சொல்லலையா என்று கேட்டார். சொன்னானே டாக்டர், சொல்லச் சொல்ல நான்தான் வாயைப் பொத்தினேன் என்று எப்படிச் சொல்வது. அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லையடி. ஒரு மனுஷனுக்குத் தாங்க முடியாமல் வலித்தால் என்ன சொல்வான் என்று அவன் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். பல்லைப் பிடுங்கினார்கள், அதோடு அந்த வாக்கியமும் போய்விட்டது. இதைக் கேட்டால் அம்மாவுக்குப் பைத்தியமா என்று நினைப்பாய், எத்தனை பயந்தேனோ அத்தனைக்கு இப்போது கை வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். அந்த வாக்கியம் மறுபடி வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன், ஆனாலும் கேட்கிறேன். அவர் நாற்காலியைக் கீழே கொண்டு வந்து போட்டாயிற்று, சட்டையும் ஆணியில் மாட்டியாயிற்று. கண் பார்க்கும்போது லென்ஸை மாற்றி மாற்றி அப்பா கேட்பாரே, "இதுவா, அதுவா, எது தெளிவு?" என்று, அதை இவன் சொன்னால் நான் பேசினது புரியவில்லை என்று அர்த்தம், மெதுவாக இன்னொரு தரம் சொல்வேன். கதவைச் சாத்தினியா என்றால் வெளியே சத்தம் அதிகம், அவனுக்குத் தாங்கவில்லை, ஜன்னலையும் சாத்த வேண்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மடித்து வைக்காதே. அப்பா போன பிறகு நீ முதல் தடவை பேசினபோது அவன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா தங்கம், அங்க குளிரா?" என்றான். நீ வீல் என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். அன்றையிலிருந்து போனை எடுப்பதில்லை. உன்னைத் திட்ட நான் யார், வாயைப் பொத்தினவள்தானே நான். ஆனால் அதற்கப்புறம் இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. கடை சாத்திவிட்டு வந்ததும், நீ முன்பு வழக்கமாகக் கூப்பிட்ட அந்த நேரத்தில், அவன் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான், என் போனைக் காதில் வைத்துக்கொள்கிறான், அதில் யாரும் இல்லை. சாப்பிட்டியா தங்கம், அங்க குளிரா என்று கேட்கிறான். கொஞ்சம் நிறுத்துகிறான். பிறகு உன் குரலில், உன் அவசரத்தோடு, நீ இழுக்கிற இழுப்போடு, "சாப்பிட்டேன்ப்பா, நீங்க மாத்திரை போட்டீங்களா?" என்கிறான். முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா குரலைக் கேட்டுப் பயந்திருக்கிறேன், உன் குரலைக் கேட்டு வந்த பயம் வேறு. இந்த வீட்டில் அவன் வாயிலிருந்து வருவது போனவர் குரல் என்றுதானே இருந்தது. நீ இருக்கிறாய், நன்றாக இருக்கிறாய், உன் குரலையும் நான் அவனிடம்தான் கேட்க வேண்டுமா?

அதனால் கூப்பிடு. அவன்தான் எடுப்பான். அப்பா குரலில்தான் கேட்பான், அவனுக்கு உன்மேல் இருக்கிற ஆசையைச் சொல்ல அவனிடம் இருப்பது அந்த வாக்கியம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, சாப்பிட்டேன், நீங்க மாத்திரை போட்டீங்களா என்று நீ எப்போதும் சொல்கிற பதிலைச் சொல், அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல், பாதியில் மட்டும் விடாதே. போட்டாச்சும்மா என்பான். அதற்கப்புறம் அப்பா ஒன்று சொல்வாரே, ஒரு நாள்கூட அவர் முதலில் வைத்ததில்லை, "நீ முதல்ல வை தங்கம், அப்புறம் அப்பா வெக்கிறேன்" என்று. அந்த இடத்துக்கு வந்ததும் இவன் வாய் மூடிக்கொள்கிறது. அதை அவன் தனியாகச் சொல்வதில்லை, யாரும் இல்லாத போனில் யாரை வைக்கச் சொல்வான்? காதில் வைத்தபடியே நிற்கிறான், நான் போய் வாங்குகிற வரைக்கும் நிற்கிறான். உனக்கு அந்தப் பேச்சு அன்றைக்கே முடிந்துவிட்டது, அவனுக்கு இன்னும் முடியவில்லை.

காதுக்குக் கம்பளி கட்டிக்கொள், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், அம்மா வேண்டிக்கொள்வது வேறு ஒன்றும் இல்லை. மறந்துவிடாதே, சாயங்காலம், கடை சாத்தின பிறகு. அவன் அதைச் சொல்கிற வரைக்கும் இரு, சொன்ன பிறகு நீ முதலில் வை.

உன் வரவுக்கு முன் உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா